பொம்மையா, டேப்லெட்டா? பெங்களூர் வாசகர்களின் பரிசுக் கேள்விகள்

தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வரிசையாக வரும்போது குழந்தைகளுக்கு என்ன வாங்குவது என்ற கேள்விகள்தான் குவிகின்றன. சிக்பேட்டையிலும் கமர்ஷியல் தெருவிலும் கால் வைக்க இடமில்லை. ஆன்லைனிலோ 'இன்னும் இரண்டு மணி நேரம்தான்' என்று கடிகாரம் ஓடுகிறது. வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு டேப்லெட் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் '12 ஜிபி ரேம், கிட்ஸ் டேப்' என்று 5,500 ரூபாய்க்குக் காட்டினார்கள். பெயர் தெரிந்த கம்பெனி என்றால் 13,000-க்கு மேல் போகிறது. வித்தியாசம் பெயருக்கு மட்டும்தானா?
– ஒரு தாத்தா, அல்சூர்

இல்லை ஐயா, வித்தியாசம் உள்ளே இருக்கிறது. முதலில் அந்த 12 ஜிபி கணக்கைப் பார்ப்போம். விலை குறைந்த டேப்லெட்டுகளில் பெரும்பாலும் உண்மையான ரேம் (செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 4 ஜிபிதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. மீதியைச் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி 'விர்ச்சுவல் ரேம்' என்று கூட்டிக் காட்டுவார்கள். சேமிப்பிடம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால் அட்டையில் 12 என்று இருந்தாலும் பாடத்தின் பிடிஎஃப்பும் வீடியோவும் ஒன்றாகத் திறந்தால் திணறும்.

கடையில் நிற்கும்போதே இரண்டு விஷயங்களைச் சோதித்துவிடலாம். டெமோ பீஸை வாங்கி, பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ் போய், அதில் 'அபவுட்' பகுதியைப் பாருங்கள். பிளே ப்ரொடெக்ட் என்ற இடத்தில் 'டிவைஸ் இஸ் சர்டிஃபைட்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கூகுளின் சோதனையைத் தாண்டாத கருவி அது. குழந்தை கையில் கொடுக்க வேண்டாம். அடுத்து டேப்லெட்டின் முதுகையோ பெட்டியையோ திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் டேப்லெட்டுக்கும் அதன் சார்ஜருக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அச்சாகியிருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வந்துவிடும். எண் இல்லை என்றால் பேரம் பேசாமல் வெளியே வாருங்கள். ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் சார்ஜ் ஏறப்போகிற லித்தியம் பேட்டரி அது.

உங்கள் தேவைக்கு உண்மையான ரேம் 4 ஜிபி, முடிந்தால் 6; சேமிப்பிடம் 64 ஜிபிக்குக் குறையக் கூடாது, 128 இருந்தால் நிம்மதி. பாடப்புத்தகம் படிக்க 10 அல்லது 11 அங்குலத் திரை வசதி. வீட்டில் வைஃபை இருந்தால் சிம் போடும் மாடலுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அந்தக் காசில் ரப்பர் விளிம்புள்ள நல்ல உறை வாங்குங்கள், முதல் வாரமே உதவும். 'செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும்?' என்று கேளுங்கள். சாம்சங், லெனோவோ, ஷாவ்மி போன்றவர்கள் மாடலுக்கு மாடல் இதை அறிவிக்கிறார்கள். மூன்று வருடம் முன்பு வந்த மாடல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அப்டேட்டுக் காலமும் முடியப்போகிறதா என்று பாருங்கள். ஐபேட் நன்றாக உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2025-ல் வந்த அடிப்படை மாடலே 34,900 ரூபாயில் தொடங்கியது. மூன்றாம் வகுப்புக்கு அது ஆடம்பரம்.

பரிசுத் தாள் சுற்றுவதற்கு முன்பு மகனையோ மருமகளையோ உட்கார வைத்து, பெட்டியைப் பிரித்து, கூகுள் ஃபேமிலி லிங்கில் பேத்தி பெயரில் குழந்தைக் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். எந்தச் செயலி இறக்குவதென்றாலும் பெற்றோர் போனுக்குக் கேள்வி வரும், இரவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதையும் வைத்துவிடலாம். கார்டு எண்ணையோ யுபிஐயையோ அதில் சேர்க்க வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் துணையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பதை அம்மா அப்பாவோடு பேசி முடிவு செய்துவிட்டுக் கொடுங்கள். தாத்தா ஒன்று சொல்லி அம்மா இன்னொன்று சொன்னால் ஜெயிப்பது பேத்திதான்.

என் தங்கை பையனுக்கு இரண்டு வயது. பாட்டுப் பாடி விளக்கு எரியும் பொம்மை ஒன்று சிக்பேட்டையில் வாங்கினேன். ஐஎஸ்ஐ முத்திரை இல்லையே என்றால், 'இம்போர்ட்டட் ஐட்டம் மேடம், அதுக்கெல்லாம் தேவையில்லை' என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, ராமமூர்த்தி நகர்

தேவை. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகள் ஐஎஸ்ஐ முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். உள்நாடு, வெளிநாடு என்ற பாகுபாடே கிடையாது. சீனாவிலிருந்து வந்தாலும் அந்தத் தொழிற்சாலை பிஐஎஸ் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். மின்சாரம், பேட்டரி இல்லாத பொம்மைக்கு முத்திரைமேல் ஐஎஸ் 9873 என்றும், பேட்டரி பொம்மைக்கு ஐஎஸ் 15644 என்றும் இருக்கும். கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண். வெறும் ஐஎஸ்ஐ படத்தை மட்டும் அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், எண்ணையும் அதே பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

இப்போது அந்தப் பொம்மையைக் கவிழ்த்துப் பேட்டரி மூடியைப் பாருங்கள். ஸ்க்ரூ இருக்கிறதா, நகத்தால் நெம்பினாலே திறக்கிறதா? நகத்தால் திறந்தால் அதைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது காசு மாதிரி தட்டையான பட்டன் பேட்டரி என்றால் இன்னும் ஆபத்து. விழுங்கினால் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி அந்த இடத்தில் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். ஒரு ரூபாய் நாணயத்தை விழுங்கியதுபோல 'காலையில் வெளியே வந்துவிடும்' என்று காத்திருக்கும் விஷயமல்ல இது. விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் உதிரும் பாகங்களையும் பாருங்கள். சோதனைக்கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் அந்த வயதுக் குழந்தைக்கு ஆகாது. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே பெரிய ஓட்டைக்குள் போகும் கண், சக்கரம், பட்டன் எதையாவது இழுத்தால் கையோடு வந்தால் வேண்டாம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் வேறு வந்திருக்கின்றன. பார்க்க மிட்டாய் போலவே இருக்கும். விழுங்கினால் குடலுக்குள்ளும் அதேபோலப் பெருக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டு வாசலைக்கூட அவை தாண்ட வேண்டாம்.

உங்கள் பொம்மையை பில்லோடு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுங்கள். மறுத்தால் கடைசிக் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

சன்னபட்னா மரப் பொம்மை வாங்கலாம் என்றால் அதிலும் ஐஎஸ்ஐ இல்லை. அப்படியானால் அதுவும் கூடாதா?
– ஜீவன்பீமா நகர்

கூடும். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும், புவிசார் குறியீட்டின்கீழ் பதிவு பெற்றவர்கள் விற்கும் பொருட்களுக்கும் 2020 டிசம்பரில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். சன்னபட்னா பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு.

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசலில் வெட்பாலை மரக்கட்டை சுழலும்போது சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். அப்புறம் ஒரு துண்டு தாழை ஓலையை வைத்துத் தேய்த்ததும் கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும். பெயிண்ட் வாசமே இருக்காது.

நெடுஞ்சாலைக் கடைகளில் பெயிண்ட் அடித்த நகல்களும் அதே பெயரில் அடுக்கியிருக்கிறார்கள். மூக்கருகே வைத்துப் பாருங்கள், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். அலைய முடியாதவர்களுக்கு எம்.ஜி. ரோட்டில் கர்நாடக அரசின் காவேரி எம்போரியம் இருக்கிறது. வாங்கிய பிறகு வெந்நீரில் கழுவாதீர்கள், அரக்குக்குச் சூடு ஆகாது. சின்ன மணி, ஆணி வைத்த பொம்மைகளுக்கு மேலே சொன்ன நாணயக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் எல்லோர் பையிலும் லபூபு பொம்மை தொங்குகிறதாம். கமர்ஷியல் தெருவில் 400 ரூபாய், ஆன்லைனில் ஆயிரக்கணக்கில். எது அசல்?
– ஃப்ரேசர் டவுன்

400 ரூபாய்க்கு அசல் கிடைக்காது. ஹாங்காங் ஓவியர் காசிங் லங் 2015-ல் உருவாக்கிய பாத்திரம் அது, பாப் மார்ட் என்ற சீனக் கம்பெனி விற்கிறது. அசலில் பல் ஒன்பது இருக்கும், பெட்டியில் சரிபார்க்கும் க்யூஆர் ஸ்டிக்கர் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமும் போலி இருக்கலாம் என்பதுதான் சிக்கல். விலை, அசலுக்குச் சாட்சி ஆகாது.

போலிகளின் கையும் காலும் எளிதில் பிய்ந்து, சின்னக் குழந்தைகளுக்கு மூச்சடைக்கும் ஆபத்து இருப்பதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் இதை மனதில் வையுங்கள். என் சொந்த அபிப்பிராயம்: எந்த நிறம் என்று தெரியாமல் வாங்கும் மூடிய பெட்டியும், அபூர்வ நிறத்துக்காக மறுபடி மறுபடி வாங்குவதும் லாட்டரிக்குப் பக்கத்து வீடு. ஒன்று வாங்கிக் கொடுங்கள், 'செட்' சேர்க்கப் போகாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து மச்சினர் வருகிறார். அங்கே அமேசான் ஃபயர் டேப்லெட்டும் குழந்தை உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி காரும் மலிவாம். வாங்கிவரச் சொல்லலாமா?
– ஒயிட்ஃபீல்டு

இரண்டும் வேண்டாம். ஃபயர் டேப்லெட்டில் பிளே ஸ்டோர் கிடையாது. பள்ளி கேட்கும் செயலி அதில் கிடைக்கும் என்று நம்ப முடியாது, பழுதானால் இங்கே வாரண்டியும் செல்லாது. காரின் சார்ஜர் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகியதும் புகைந்துவிடும். பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. சார்ஜரில் '100–240' என்று இருந்தால் மட்டும் பயமில்லை. மச்சினரிடம் லெகோ கேளுங்கள், அதற்கு வோல்ட்டே கிடையாது.

ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் ஒன்றுக்கு எம்ஆர்பியைவிட இருமடங்கு கேட்கிறார்கள். 'டிமாண்ட் சார்' என்கிறார்கள். சரியா?
– மல்லேஸ்வரம்

பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்குமேல் கடைக்காரர் வசூலிப்பது சட்டப்படி தவறு, டிமாண்ட் எவ்வளவு இருந்தாலும் சரி. விலைமேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் உரித்துப் பாருங்கள். விலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், கூட்ட ஒட்டக் கூடாது.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் டேப்லெட் வாங்கினோம். திரையில் கோடு விழுகிறது. பில்லில் 'நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரீஃபண்ட்' என்று போட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைகழுவுகிறார். இஎம்ஐக்கும் ஏதோ கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள்.
– ஒரு தம்பதி, கே.ஆர். புரம்

இஎம்ஐ விஷயம் முதலில். வட்டி இல்லாமல் வங்கி கடன் தராது. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். அந்தப் பிடித்தம் இதுவாகத்தான் இருக்கும். பல நேரம் முழுப் பணம் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் கைவிட்டுப் போகிறது.

பில்லில் அச்சடித்த வாசகம் உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. ஆன்லைனில் வாங்கியவர்களுக்கும் சொல்கிறேன்: அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கோடு விழும் திரையை வீடியோ எடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ், கன்னடம் உட்பட 17 மொழிகளில் பேசலாம், கட்டணம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் அங்கேயே இறங்கிவருகின்றன. வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இன்றைக்கே அந்த பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். கடைகள் தரும் வழுவழுப்பான தெர்மல் தாளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும்.