காந்தத்தில் ஒரு கடிவாளம்

கேள்வி: சீனாவிலிருந்து வரவேண்டிய காந்தம் மாதக்கணக்கில் தாமதமாவது வணிகமா, அரசியலா? (மோட்டார் பட்டறை வாசகர், கணபதி, கோவை)

பதில்: இரண்டும்தான். அமெரிக்கா வரியை உயர்த்தியதும், 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட 7 அருமண் (rare earth) தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று பெய்ஜிங் அறிவித்தது. மோட்டாரில் சுழலும் பாகமான உங்கள் ரோட்டரில் ஒட்டும் விரலகல நியோடிமியம் துண்டில், சூடு தாங்குவதற்காகச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் சிட்டிகையளவே என்றாலும், அது எங்கே, எதற்குப் பயன்படும் என்று இறுதிப் பயனர் சான்று தரவேண்டியிருக்கிறது. 2010-இல், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளருகே சீன மீன்பிடிக் கப்பலின் தலைவரை ஜப்பான் கைது செய்தபோது அந்நாட்டுக்கும் அருமண் வரத்து தடைபட்டது. பெய்ஜிங் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் மணல் நம் மணவாளக்குறிச்சியிலும் உண்டு. அதைப் பிரித்துக் காந்தமாக்கும் ஆலைகள்தாம் பெரும்பாலும் சீனாவில் இருக்கின்றன. இரும்பு ஆக்சைடால் ஆன ஃபெரைட் காந்தத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் அதன் விசை குறைவு என்பதால் மோட்டார் பருத்துவிடும்.