ஓடும் பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வும் பார்டர் கோலி

வணக்கம். பிள்ளைகள் ஓடினாலே உங்கள் பத்து மாத பார்டர் கோலி (ஆட்டு மந்தையை மேய்க்கும் நாயினம்) பதுங்கி வந்து குதிகாலைக் கவ்வுகிறது, ஓநாய்க் குணம் தலைதூக்குகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், தன் இனத்துக்குப் பழக்கப்பட்ட வேலையைத்தான் அது செய்கிறது.

ஓநாய் இரையை உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். ஆடு மேய்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் இந்த இனத்தில் முதல் மூன்றும் கூர்மையாகிவிட்டன. கொல்லும் வேகம் மங்கிவிட்டது. உங்கள் குட்டிக்கு ஓடும் பிள்ளைகள்தான் மந்தை.

அடிக்க வேண்டாம். அது நெருங்கினால் பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். விளையாட்டு நேரத்தில் நீளமான கயிற்றில் வைத்திருங்கள். கூப்பிட்டதும் உங்களைத் திரும்பிப் பார்த்தால் உடனே தின்பண்டம். மோப்பத்தால் பொருள் தேடும் விளையாட்டு தினமும் அவசியம், இதற்கு வெறும் நடை போதாது. ரத்தம் வரக் கடித்தால் மட்டும் தாமதிக்காமல் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றும் எழுதியிருந்தீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. ஜெர்மனியின் பான்-ஓபர்காசெலில் 1914இல் கண்டெடுத்த, சுமார் 14,000 ஆண்டுப் பழைய புதைகுழியில் மனிதர்களோடு ஒரு நாய்க்குட்டியும் இருந்தது. அந்தக் குட்டியின் பற்களில் கடும் நோயின் தடம். யாரோ பராமரித்ததால்தான் சில வாரங்கள் பிழைத்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உங்கள் குட்டிக்கும் இரண்டு மாதம் கொடுத்துப் பாருங்கள்.