உபதேசியாரிடம் கேட்கலாம்: காது கொடுக்கிற அன்பு

முப்பது வருஷம் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரசங்கத்தைவிட வீடு சந்திப்பில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன், அதுவும் பெரும்பாலும் தப்புச் செய்து. கேளுங்கள்.

ஐயா, பெண்கள் ஐக்கியத்திலிருந்து துக்க வீட்டுக்குப் போகிறோம். பாட்டு, வசனம், ஜெபம், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் எழுந்து வந்துவிடுகிறோம். என்ன சொன்னால் ஆறுதலாக இருக்கும்?

ஒன்றும் சொல்ல வேண்டாம் மக்களே. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்த யோபின் சிநேகிதர் மூன்று பேரையும் நாம் திட்டித் திட்டியே பிரசங்கம் பண்ணுகிறோம், ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் செய்தது சரிதான்: ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நானும் அந்த ரகம். ரப்பர் வெட்டப் போன மகனைப் பாம்பு கடித்துப் பறிகொடுத்த ஒரு வீட்டில், போய் உட்கார்ந்த சூட்டோடு ரோமர் எட்டை எடுத்து, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று வாசித்தேன். வசனத்தில் ஒரு குற்றமும் இல்லை. அந்த அம்மா எழுந்து அடுக்களைக்குள் போனவர், நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை. ஒரு மாசம் கழித்துக் கையில் வேதப்புத்தகம் இல்லாமல் போனேன். கட்டன் சாயா தந்தார். மகன் சின்ன வயசில் ஆற்றில் குதித்த கதையில் ஆரம்பித்து இருட்டும்வரை பேசினார், நான் "அப்புறம்?" என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: "சரி, ஜெபிப்போம்" என்று நாம் அவசரப்படுவது பல நேரம் ஜெபிக்க அல்ல, எதிரே அழுகிறவரை நிறுத்த. அவர்கள் சொல்லி முடிக்கட்டும். ஜெபத்தில் என்ன கேட்பது என்பதும் அதற்குள் நமக்குத் தெரிந்துவிடும்.

எனக்குக் கடை வியாபாரம். கூட்டம் நிற்கும் நேரம் பார்த்துத்தான் ஒருவர் வந்து வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார். என்ன செய்ய?

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். யவீருவின் பன்னிரண்டு வயசு மகள் சாகக் கிடக்கிறாள், இயேசு அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத, ஒரு ஸ்திரீ தொட்டாள், தொட்டவுடனே குணமாகியும் விட்டது. அவர் பாட்டுக்குப் போயிருக்கலாம், ஆனால் நின்றார். "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்" என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வருஷக் கதை, வைத்தியர்களிடம் சொத்தைத் தொலைத்தது உட்பட! பக்கத்தில் நின்ற யவீருவின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! ஆனால் தம்பி, அதற்காக நீங்கள் வியாபாரத்தை விட வேண்டியதில்லை. "ராத்திரி ஷட்டர் போட்டதும் வீட்டுக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் போகவேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 84 வயசு. 1956இல் நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த கதையை வாரத்துக்கு நாலு தடவை சொல்கிறார். பொறுமை போகிறது.

எலியா தீர்க்கதரிசி குகையில் இருந்தபோது கர்த்தர், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேட்டார். எலியா ஒரு புலம்பல் புலம்பினான். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்துபோன பின் மறுபடியும் அதே கேள்வி. எலியாவும் முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னான். "இதை அப்பவே சொன்னாயே" என்று கர்த்தர் சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே அவனுக்குச் சாப்பாடு கொடுத்துத் தூங்கவும் விட்டிருந்தார், அதையும் கவனியுங்கள். அம்மாவிடம் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டுப்பாருங்கள்: அன்றைக்கு வீட்டில் என்ன சமையல்? மரச்சீனியா, சோறா? கதை வேறு பக்கம் திரும்பும்.

கல்யாணமாகிப் பாறசாலைப் பக்கம் வந்திருக்கிறேன். மாமியாரின் வேகமான மலையாளம் பாதி புரியவில்லை. எப்படிக் கேட்பது?

புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். "அம்மே, ஒன்னுகூடிப் பறயாமோ" (இன்னொரு தடவை சொல்வீர்களா) என்று கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மலையாளத்தில் கேள்வி கேட்பதற்கு "சோதிக்குக", காதால் கேட்பதற்கு "கேள்க்குக" என்று வேறு வேறு சொல். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், கேட்பது. எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது.

என்னிடம் சொல்வதை எல்லாம் ரகசியமாக வைக்க வேண்டுமா?

ஊர்க்கதையை வெளியே விடக்கூடாது. ஆனால் பிள்ளையை யாரோ தப்பாகத் தொட்டதாகச் சொன்னால் அது ரகசியம் அல்ல. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆகவேண்டும். 1098க்குக் கூப்பிடலாம். வீட்டில் அடிபடும் பெண் என்றால் 181. சபைக்குக் கெட்ட பேர் என்று மூடி வைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அப்புறம், அடுத்தவரைப் பற்றிக் குறை சொல்ல வருகிறவருக்குக் காது கொடுப்பது அன்பில் சேராது, எழுந்து போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் நன்றாகக் கேட்பீர்கள் என்று உங்கள் வீட்டம்மா சொல்வார்களா?

நேற்றே அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "தாலுகா முழுக்கக் கேட்பீங்க" என்றாள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.