காய்ச்சல் விட்ட அன்றுதான் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும்

கேள்வி: நாலு வயது மகனை டெங்கு என்று ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். அன்று ராத்திரியே நிலைமை மோசமாகி தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது நன்றாக இருக்கிறான். கூடவே இருந்த நாங்கள் எதைக் கவனிக்கத் தவறினோம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில், தவறினோம் என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் விடுவதும் நோய் விடுவதும் ஒன்றல்ல என்பதை யாராவது சேர்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், சூடு இறங்குவதை ஒட்டித்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும். தெர்மாமீட்டர் 98.6 காட்டியதும் "எப்ப டிஸ்சார்ஜ்?" என்று கேட்கும் அதே வேளையில்தான் ஆபத்து வார்டுக்குள் நுழைகிறது.

பிரஷரும் இதே மாதிரி ஏமாற்றும். ரத்தம் குறையும்போது குழந்தையின் உடம்பு இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கி, பிரஷரை வெகுநேரம் தாங்கிப் பிடிக்கும். அது சரியும்போது நேரம் கடந்திருக்கும். அதனால் "பிரஷர் நார்மல்" என்ற பதிலோடு நிற்காமல் இரண்டு எண்ணையும் கேளுங்கள். 100/80 பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே போனால் அது ஷாக்கின், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் நிலையின், வாசல்.

கருவி எதுவும் இல்லாமல் நீங்களே பார்க்கக்கூடியது பாதம். உங்கள் புறங்கையால் குழந்தையின் முட்டியிலிருந்து கீழே தடவிக்கொண்டே போங்கள். வெதுவெதுப்பு எந்த இடத்தில் நிற்கிறது? காய்ச்சல் ஏறும்போது உடம்பு கொதித்துக் கால் ஜில்லிடுவது சகஜம். காய்ச்சல் விட்ட பிறகு கால் ஜில்லிட்டால் சகஜமே இல்லை. அடுத்து, குழந்தையின் கையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி, விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். 3 விநாடியைத் தாண்டினால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் எண் காட்டாமல் கத்திக்கொண்டே இருந்தால் "மெஷின் ரிப்பேர்" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். பல நேரம் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். விரலுக்கு ரத்தம் வராததுதான் காரணம்.

நாடித் துடிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். சூடு இறங்கினால் அதுவும் இறங்க வேண்டும். காய்ச்சல் விட்டு, அழாமல் படுத்திருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு 140க்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தால், கசிவை ஈடுகட்ட இதயம் ஓடுகிறது என்று பொருள்.

மூச்சை எண்ணுவதற்குச் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் பாருங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் குழந்தைகளுக்குக் கணக்கு தப்பும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். விலாவுக்குக் கீழே உள்வாங்குவது, மூக்கு விடைப்பது, மூச்சு விடும்போது முனகுவது எல்லாம் எண்ணைவிட மோசமான அறிகுறிகள். சளியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென மூச்சு மெதுவானால் சந்தோஷப்படுவதற்கு முன் முகத்தைப் பாருங்கள். விளையாடுகிறதா, சோர்ந்து கிடக்கிறதா? சோர்ந்து கிடந்தால் அது குணமல்ல, களைப்பு. அடுத்தது மூச்சு நிற்பது.

சிறுநீரை "காலையில போனான்" என்று ஞாபகத்தில் வைக்காமல் அளந்து பாருங்கள். கிலோவுக்கு மணிக்கு 1 மில்லி என்பது நல்ல கணக்கு. 15 கிலோ பிள்ளைக்கு 6 மணி நேரத்தில் 90 மில்லி, கிட்டத்தட்ட ஒரு சின்ன டீ கிளாஸ். டயப்பர் என்றால் நனைந்த எடையில் காய்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் 1 மில்லி. ஆறு மணி நேரம் போகவே இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ராத்திரி நேரத்தில் அதிகம் தப்பிப்போவது குழந்தையின் போக்கு. காரணமில்லாத நைநை, புரண்டுகொண்டே இருப்பது, பிறகு சட்டென்று அடங்கிப்போவது. "அப்பாடா, தூங்கிட்டான்" என்று விளக்கை அணைத்துவிடுகிறோம். தட்டி எழுப்பிப் பாருங்கள். அம்மாவை அடையாளம் கண்டு பேச வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும். இதோடு விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்ல வேண்டும்.

பிளேட்லெட் எண்ணை மட்டும் துரத்திக்கொண்டு பப்பாளி இலை தேடும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: ரிப்போர்ட்டில் அதன் பக்கத்திலேயே இருக்கும் பிசிவியை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற எண்ணைப் பாருங்கள். 35 இருந்தது 42 ஆனால் 20 சதவீத ஏற்றம். நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது. பிளேட்லெட் இறங்க இறங்க பிசிவி ஏறுவதுதான் பயப்பட வேண்டிய ஜோடி.

டிரிப்ஸ் சீக்கிரம் முடியட்டும் என்று உருளையைத் திருகி வேகத்தைக் கூட்டுவது நம் வார்டுகளில் சாதாரணமாக நடக்கிறது. கசிவு நின்ற பிறகு அந்த நீரெல்லாம் ரத்தத்துக்கே திரும்பி வரும். மேலும் ஏற்றினால் கண் இமை வீங்கி, மூச்சு வாங்கும். உருளையில் கை வைக்காதீர்கள்.

சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. "சிஸ்டர், புள்ள ஒரு மாதிரியா இருக்கான்" என்றால், முப்பது படுக்கையைப் பார்க்கும் ஒருவருக்கு அது ஒன்றும் சொல்லாது. "சிஸ்டர், சாயங்காலம் மூச்சு 30, இப்ப 46. கால் ஜில்லுன்னு இருக்கு. ரெண்டு மணியிலேர்ந்து யூரின் போகல" என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவார். வராவிட்டால் டியூட்டி டாக்டரைக் கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலர் வரை போகலாம். இங்கிலாந்தில் இப்படி இன்னொரு மருத்துவக் குழுவைக் கூப்பிடும் உரிமையைக் குடும்பத்துக்கே கொடுத்து, 'மார்த்தா விதி' என்று 2024 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் வார்டுகளிலும் அது வர வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நேரம், மூச்சு, கால் சூடு, குடித்தது, சிறுநீர் என ஐந்து கட்டம் போட்டு, காய்ச்சல் விட்ட அன்று 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நிரப்புங்கள். தஞ்சாவூருக்கு அனுப்பும் நிலை வந்தால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, அதுவரை ஏற்றிய டிரிப்ஸ் அளவு, எல்லா பிசிவி ரிப்போர்ட்டும், இந்த நோட்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.