ஃபார்மசிஸ்ட் படிச்சு முடிச்சப்புறமும் எதுக்கு ரிஃப்ரெஷர் கோர்ஸ்?

வேலைல இருக்கிற ஃபார்மசிஸ்ட் புதுசா வந்த மருந்து, மாறின விதி இதையெல்லாம் அப்பப்போ படிச்சுக்கிறதுதான் தொடர்கல்வி, அவ்ளோதான். இந்தியால 2015 விதிப்படி ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க 5 வருஷத்துல குறைஞ்சது 2 ரிஃப்ரெஷர் கோர்ஸ், ஒவ்வொண்ணும் ஒரு நாளாவது இருக்கணும் (கம்மிதான்னு எனக்குத் தோணுது). ஏன்னா படிச்சப்போ சரியா இருந்தது அப்புறம் தப்பாகலாம், நிமெசுலைடுங்கிற மருந்தையே எடுத்துக்கோங்க, ஒரு காலத்துல குழந்தை காய்ச்சலுக்கு சிரப்பா கொடுத்தாங்க, 2011ல 12 வயசுக்குக் கீழ கூடாதுன்னு தடை வந்துடுச்சு, 2005ல படிச்சவர் அதோட புக்கை மூடிட்டா பழக்கத்துல அதையே எடுத்து நீட்டிடுவார். பத்து வருஷம் கழிச்சு ஊருக்கு வந்து பழைய ரூட்ல வண்டி விடுற மாதிரி, ஓட்டத் தெரியும், ஆனா அந்தத் தெரு ஒன்வே ஆயிருக்கும். சரியா படிக்காதவங்களுக்குத்தான் இந்த கிளாஸ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, காலேஜ்ல முதல் ரேங்க் வாங்கினவரும் வந்து உக்காரணும்.