மிஸி அக்கா பதில்கள்: கடிவாய் தெரியாத கடி

கேள்வி (விசுவமடுவிலிருந்து ஒரு தாய்): மிஸி அக்கா, பக்கத்து வீட்டுப் பெடியன் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவன். விடியப்புறம் வயிற்றுக் குத்து என்று அழுதான். வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணி கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இமையைத் தூக்கவே அவனால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பாம்புக் கடி என்றார்கள். கடிவாயும் இல்லை, வீக்கமும் இல்லை. அது எப்படி?

பதில்: தங்கச்சி, ஓமத் தண்ணி கொடுத்ததை நினைத்து வருந்த வேண்டாம். அந்த வயிற்றுக் குத்து பலரை ஏமாற்றும்.

கடித்தது விரியனாக இருக்கும். எட்டடி விரியன், கட்டுவிரியன் என்பதெல்லாம் அதுதான். புடையன் என்ற வேறு பாம்பு கடித்தால் கால் வீங்கும், நோவு தாங்காது, இரத்தம் உறையாமல் பல் முரசிலிருந்து கசியும். விரியனின் வழி வேறு. இரவில் இரை தேடி வரும், தூங்குகிறவரைக் கடிக்கும். பல் சின்னது, நோவே தெரியாமல் போகலாம்.

அதன் நஞ்சு போய் நிற்பது நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தில். அங்கே அசற்றைல்கோலின் என்ற பொருளை விட்டுத்தான் நரம்பு தசையைச் சுருங்கச் சொல்லும். 1963இல் தாய்வானில் சாங், லீ என்ற ஆய்வாளர்கள் விரியன் இனத்துப் பாம்பொன்றின் நஞ்சைக் கூறு கூறாகப் பிரித்தார்கள். அதில் ஒரு கூறு செய்தி வாங்கும் இடத்தை அடைக்கும். இன்னொன்று அனுப்புகிற நரம்பு நுனியையே சிதைக்கும். அதனால்தான் முதலில் இமை விழுகிறது, பிறகு விழுங்க முடியாது, பேச முடியாது, கடைசியில் மூச்சு.

குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்து, இந்தியாவிலிருந்து எங்களுக்கு வருகிற விஷமுறிவு மருந்து, உடம்பில் இன்னும் அலைகிற நஞ்சைத்தான் பிடிக்கும். சிதைந்த நுனி தானாக வளர வேண்டும். அதற்கு நாட்கள் எடுக்கும். அதுவரை வேறு யாராவது மூச்சுக் கொடுக்க வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்த காலத்தில் ஒரு 12 வயதுப் பெடியன் அப்படி வந்தான். கரன்ட் இல்லை, ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லை. தொண்டையில் குழாய் போட்டு, மூச்சுக் கொடுக்கிற ரப்பர்ப் பையை (அம்பு பை) கையால் அமத்தினோம், நிமிடத்துக்குப் 15 தரம். எனக்குக் கை ஓய்ந்தால் அவனுடைய மாமா, அவருக்குப் பிறகு அற்றென்டன். பெடியன் அசையவில்லை. தலைமாட்டில் நின்ற ஒருவர் செத்தவீட்டுப் பந்தலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். நான் குனிந்து, "தம்பி, கேக்குதெண்டால் கால் பெருவிரலை ஆட்டு" என்றேன். விரல் ஆடியது. மாமா அழுதுகொண்டே அமத்தினார். விடிந்ததும் மூச்சுக் கொடுக்கிற மெஷின் உள்ள இடத்துக்கு அனுப்பினோம். இரண்டு கிழமைக்குப் பிறகு நடந்து வந்தவன், பந்தல் கதையை ஒரு சொல் விடாமல் சொன்னான். ஆள் அசையாமல் கிடந்தாலும் நினைவு இருக்கலாம், காது கேட்கலாம். பக்கத்தில் நிற்பவர்கள் பார்த்துக் கதையுங்கள்.

எட்டடி வைக்கமுதல் சாவு என்று அந்தப் பெயருக்குச் சிலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. நஞ்சு முழுதாக வேலை செய்ய மணித்தியாலங்கள் எடுக்கும். அந்த நேரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம். வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். எச்சில் வடிந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். அப்புறம், கட்டில் இல்லாத வீட்டில் நுளம்பு வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட்டுப் படுங்கள்.

கேள்வி (கள்ளப்பாடு): பேத்தை மீனைத் தோலும் குடலும் எடுத்து நன்றாக அவித்தால் நஞ்சு போகுமா?

பதில்: போகாது. அவித்தாலும் பொரித்தாலும் அப்படியே நிற்கும். அந்த நஞ்சைச் செய்வது மீன் அல்ல, பற்றீரியாக்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. முதலில் உதடு மரக்கும், பிறகு கை கால். கடைசியில் விரியன் கடித்தவருக்குப் போலவே மூச்சு நிற்கும். இதற்கு முறிவு மருந்தே கிடையாது. வலையில் வந்தால் கரையில் எறியாதீர்கள், பசித்தவர் யாராவது எடுத்துப் போவார்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): வேலி அடைக்கும்போது முள்ளுக்கம்பி காலில் ஏறிவிட்டது. கம்பி புதுசு, துரு இல்லை. ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) வேணுமா?

பதில்: வேணும். ஏற்பு வருவது துருவால் அல்ல. மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் உறங்குகிற ஒரு பற்றீரியா, காற்றுப் படாத ஆழமான காயத்துக்குள் விழித்து நஞ்சு செய்கிறது. விரியன் நஞ்சு தசையைத் தளர்த்தும், இது இறுக்கும். முள்ளந்தண்டு நரம்பில் "போதும், விடு" என்கிற செய்தி போகாமல் தடுத்துவிடும். தாடை பூட்டும், முதுகு வில்லாக வளையும். காஞ்சூரை விதையில், எட்டி என்பார்களே அதில், இருக்கிற ஸ்ட்ரிக்னின் அதே செய்தியை வாங்குகிற பக்கத்தில் தடுக்கும். ஒரு மரமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியும் உடம்பின் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டதை முதலில் படித்தபோது எனக்கு அன்று முழுக்க வேறு நினைவு ஓடவில்லை.

ஏற்பு நஞ்சு நரம்புக்குள் ஏறிவிட்டால் எந்த ஊசியும் அதை இறக்காது. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். கிளினிக் கொப்பியைப் பாருங்கள். கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலோ, எப்போது போட்டது என்று தெரியாவிட்டாலோ, இன்றைக்கே போங்கள். கொப்பியையும் கொண்டு போங்கள்.