கையெழுத்துல போன குழந்தைங்க: வாசகர் கேள்வி பதில்

போன தடவை 'தி வுமன் இன் தி வால்' சீரியலைப் பத்தி போற போக்குல நாலு வரி எழுதினேன். அதுக்கு வந்த கேள்விங்களே இந்தப் பக்கத்துக்குப் போதும்ங்கற அளவுக்கு சேர்ந்துடுச்சு, அதனால இந்த வாரம் மத்த கேள்விக்கெல்லாம் லீவு.

கொலைக் கதைன்னு நம்பி உக்காந்தேன் சார். ரெண்டு எபிசோட் தாண்டினதும் மடம், கன்னியாஸ்திரி, தொலைஞ்சுபோன குழந்தைன்னு ரூட்டு மாறுது. நடந்த கதையா, விட்ட கதையா?

ரெண்டும்தான். 2023ல பிபிசில வந்த ஆறு எபிசோட், கதை அயர்லாந்துல 2015ல நடக்குது. லோர்னாங்கற பொண்ணுக்கு தூக்கத்துல நடக்கற வியாதி, ஒருநாள் முழிச்சுப் பாத்தா வீட்டுக்குள்ள ஒரு பொம்பளை செத்துக் கிடக்கறா, கொன்னது தானான்னு அவளுக்கே தெரியாது. கில்கினூர்ங்கற அந்த ஊரை மேப்புல தேடாதீங்க, கிடையாது. ஆனா சின்ன வயசுல வயித்துல பிள்ளையோட மடத்துக்கு அனுப்பப்பட்டு, பெத்ததும் பிள்ளையைப் பறிகொடுத்தா பாருங்க, அது அந்த நாட்டுல ஆயிரக்கணக்கான பொண்ணுங்களுக்கு நடந்தது.

எனக்கு பொணத்தை சுவத்துக்குள்ள மறைக்கற சீனை விட மனசுல நின்னது வேற ஒண்ணு. மடத்து லாண்ட்ரில சம்பளமில்லாம துணி வெளுத்த பொம்பளைங்க நஷ்டஈடு கேக்கறாங்க, உங்க மடம் லாண்ட்ரியே இல்ல, ட்ரெய்னிங் ஸ்கூல்னு தான் பதிவாகியிருக்குன்னு கையை விரிக்கறாங்க. இதுவும் ரைட்டர் உக்காந்து யோசிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. டப்ளின்ல ஹை பார்க்னு ஒரு லாண்ட்ரி, அதே காம்பவுண்டுக்குள்ள அன் கிரியனான்னு ஒரு ட்ரெய்னிங் சென்டர், அங்க இருந்தவங்களுக்கு 'நீங்க லிஸ்ட்ல இல்ல'ன்னு சொல்லித்தான் திருப்பி அனுப்பினாங்க, 2017ல குறைதீர்ப்பு அதிகாரி ரிப்போர்ட் எழுதி கண்டிச்ச பிறகுதான் மாத்தினாங்க.

லாண்ட்ரிக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒண்ணும் புரியல.

புரியாததுல தப்பில்ல, சீரியலே ரெண்டையும் கலந்துதான் காட்டுது. கர்ப்பமான பொண்ணுங்க போனது தாய்-சேய் இல்லத்துக்கு. மேக்டலின் லாண்ட்ரிங்கறது தனி, துணி வெளுக்கற தொழிற்சாலை மாதிரி, நடத்தினது கன்னியாஸ்திரிங்க, வேலை செஞ்சவங்களுக்கு சம்பளம் கிடையாது. பிரசவம் முடிஞ்சு சில பேரை அங்கிருந்து இங்க தள்ளினாங்க. ஆனா லாண்ட்ரில இருந்தவங்க எல்லாரும் பிள்ளை பெத்தவங்க இல்ல, அநாதைப் பொண்ணு, வீட்டுல அடங்கமாட்டேங்கறான்னு கொண்டுவந்து விட்ட பொண்ணு, எல்லாம் உண்டு. 1922லருந்து கடைசி லாண்ட்ரி மூடின 1996 வரைக்கும் சுமார் 10,000 பேர் உள்ள போய் வந்திருக்காங்க. 1996ங்கறதை இன்னொரு தடவை படிங்க, இது தாத்தா காலத்துக் கதை இல்ல.

உள்ள போனதும் முதல்ல பேரை மாத்திடுவாங்க, வேற பேரு வெச்சு அதுலதான் கூப்பிடணும். துணி யாருதுன்னு கேட்டா ஓட்டல், ஆஸ்பத்திரி, அரசாங்க ஆபீஸ் வரைக்கும் இருக்கு. 2013ல வந்த அரசு ரிப்போர்ட்டே, எப்படி வந்தாங்கன்னு தெரிஞ்ச கேஸ்ல கால்வாசிக்கு மேல அனுப்பி வெச்சது அரசாங்கம்தான்னு ஒத்துக்கிச்சு.

கதவை உடைச்சுக்கிட்டு ஓடியிருக்கலாமே? அவ்வளவு பேரும் வாயை மூடிக்கிட்டா இருந்தாங்க? எனக்கு பாக்கப் பாக்க கோவம்தான் வந்துது.

ஓடினவங்க இருக்காங்க. லாண்ட்ரிலருந்து ஓடினா போலீஸ்காரங்களே புடிச்சுக் கொண்டுவந்து விட்ட கதையும் ரிப்போர்ட்ல இருக்கு. தாய்-சேய் இல்லத்துல சட்டப்படி பூட்டு கிடையாது, யாரும் கிளம்பலாம், கிளம்பி எங்க போறதுங்கறதுதான் பிரச்சினை. அப்பன் வீட்டுல சேக்கமாட்டான். கல்யாணம் ஆகாம பெத்தவளுக்கு அரசாங்க உதவித்தொகைன்னு ஒண்ணு வந்ததே 1973லதான். கர்ப்பத்தடை சாதனம் விக்கவே கூடாதுன்னு 1935ல சட்டம் போட்டவங்க, 1979ல சட்டத்தை தளர்த்தினப்பவும் டாக்டர் சீட்டு வேணும்னாங்க. கல்யாணத்துக்கு வெளிய பிறந்த பிள்ளைக்கு சட்டத்துல ஒட்டியிருந்த முத்திரையை எடுத்தது 1987ல. இத்தனையும் சேந்து சுத்தி நிக்கறப்ப கேட்டுக்கு பூட்டு எதுக்கு?

அந்த ஆம்பளை எங்கன்னு கேக்கறீங்களா, நானும் அதையேதான் கேட்டேன். தாய்-சேய் இல்லங்களைப் பத்தி 2021 ஜனவரில வந்த விசாரணைக் கமிஷன் ரிப்போர்ட், அந்தப் பொண்ணுங்களை கொடுமைப்படுத்தினதுல முக்கியப் பொறுப்பு பிள்ளைங்களோட அப்பாக்களுக்கும் அவங்கவங்க குடும்பத்துக்கும்தான், சர்ச்சும் அரசும் அதுக்குத் துணை நின்னுதுன்னு எழுதி வெச்சிருக்கு. பாதிக்கப்பட்டவங்க கொதிச்சுப் போனாங்க, ஏன்னா பள்ளிக்கூடம் சர்ச் கையில, ஆஸ்பத்திரி சர்ச் கையில, சட்டத்துலயும் அவங்க பேச்சுக்குத்தான் மதிப்பு, இப்படி ஒரு நாட்டுல குடும்பத்துக்கு அந்த பயத்தை ஊட்டினது யாருன்னுதான் அவங்க கேள்வி. என் ஓட்டு அவங்களுக்குத்தான்.

லோர்னாவா நடிச்ச ரூத் வில்சன் ஓவர் ஆக்டிங்னு எங்க வீட்டுல ஒரே சண்டை. நீங்க யார் பக்கம்?

நைட்டியோட நடுரோட்டுல மாடுங்களுக்கு மத்தியில முழிக்கற அந்த முதல் சீனுக்கு அப்புறம் அவங்களை ஓவர்னு சொல்ல எனக்கு வாய் வரல. பேய்ப்படம் மாதிரி மியூசிக் போட்டதுதான் ஓவர்.

பிள்ளைங்க என்ன ஆனாங்க? உண்மையிலேயே வித்தாங்களா?

எல்லாத்துக்கும் ஒரே பதில் இல்ல. தத்து குடுக்க சட்டமே 1952லதான் வந்துது. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் 1970கள் வரைக்கும் 2,000 பிள்ளைங்களுக்கு மேல பாஸ்போர்ட் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. அம்மாகிட்ட கையெழுத்து வாங்கினாங்களான்னா, வாங்கினாங்க. கையில காசு இல்ல, போக இடம் இல்ல, பிரசவ வலியில கத்தினா பாவத்துக்கு கூலின்னு சொன்னாங்கன்னு அங்க இருந்தவங்களே சொல்லியிருக்காங்க, அப்படிப்பட்ட இடத்துல பேனாவை நீட்டினா போடற கையெழுத்தை சம்மதம்னு எந்த அர்த்தத்துல சொல்றதுன்னு எனக்குத் தெரியல. கமிஷன் கட்டாயத் தத்துக்கு ஆதாரம் ரொம்பக் குறைச்சல்னு சொல்லிடுச்சு. இதுல இன்னொரு கூத்து கேளுங்க, சுமார் 550 பேர் கமிஷன்கிட்ட வாய்விட்டுச் சொன்னதை ரெக்கார்ட் பண்ணிட்டு அதை அழிச்சுட்டாங்க, சத்தம் போட்ட பிறகு பேக்கப்லருந்து எடுத்தாங்க. பேப்பர்ல இருக்கறது சாட்சி, பொம்பளை வாய்ல வர்றது வெறும் பேச்சு. இதைத்தான் அன்னிக்கு மடத்துலயும் சொன்னாங்க.

தத்து போனவங்க ஒரு வகையில தப்பிச்சவங்க. அந்தக் கமிஷன் பாத்த 18 இல்லங்கள்ல 56,000 அம்மாங்க, 57,000 பிள்ளைங்க, அதுல சுமார் 9,000 பிள்ளைங்க செத்திருக்காங்க. கார்க் பக்கத்துல பெஸ்பரோன்னு ஒரு இல்லம், அதுல 900 பிள்ளைங்களுக்கு மேல இறந்தும் புதைச்ச இடம் தெரிஞ்சது 64 பேருக்குத்தான். கால்வே மாவட்டத்துல டூவம்ங்கற ஊர்ல கேத்தரின் கார்லெஸ்னு ஒரு அம்மா, ஊர் வரலாறு எழுதலாம்னு ஆரம்பிச்சவங்க, சொந்தக் காசுல ஒவ்வொரு இறப்பு சர்ட்டிபிகேட்டா வாங்கி வாங்கி 796ல வந்து நின்னாங்க. இறப்புக்கு பேப்பர் இருக்கு, அடக்கத்துக்கு இல்ல. 2014ல இது உலகம் பூரா செய்தியாச்சு, 2017ல நிலத்தடித் தொட்டி மாதிரி அறைங்களுக்குள்ள எலும்பு கிடைச்சுது, கழிவுநீருக்குன்னு கட்டினது மாதிரி இருக்கற அறைங்க. முறையா தோண்ட ஆரம்பிச்சது 2025லதான்.

மன்னிப்பு கேட்டாங்களா? காசு குடுத்தாங்களா?

லாண்ட்ரிக்கு 2013ல பிரதமர் எண்டா கென்னி கேட்டார், தாய்-சேய் இல்லத்துக்கு 2021ல மீஹால் மார்ட்டின் கேட்டார். லாண்ட்ரில இருந்தவங்களுக்கு 11,500லருந்து 1,00,000 யூரோ வரைக்கும் அரசாங்கம் குடுத்துது, லாண்ட்ரி நடத்தின நாலு சபைங்களும் அதுல பங்கு போட மறுத்துட்டாங்க. தாய்-சேய் இல்லத்துக்கான திட்டம் 2024ல திறந்துது, அதுல சின்னப் பிள்ளையா ஆறு மாசத்துக்குக் குறைவா இருந்தவங்களுக்கு பணம் கிடையாது, பிஞ்சுக்கு ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சாங்களோ என்னவோ.

சீரியல்ல அந்த டிடெக்டிவ் கோல்மனும் அந்த மாதிரி இல்லத்துல பிறந்தவர்தானே. இப்ப அவர் போய் கேட்டா ஃபைலைக் காட்டுவாங்களா?

காட்டணும். 2022ல சட்டம் போட்டுட்டாங்க, தத்து போனவங்களுக்கு பிறப்பு சர்ட்டிபிகேட்டையும் ஃபைலையும் பாக்க உரிமை உண்டு, அம்மா தொடர்பு வேண்டாம்னு எழுதி வெச்சிருந்தாலும் தகவல் குடுத்துதான் ஆகணும். ஆனா ஃபைல்ல உண்மை இருக்கணும்ல. டப்ளின்ல செயின்ட் பேட்ரிக்ஸ் கில்டுங்கற தத்து ஏஜென்சியோட ரெக்கார்டைப் பாத்தப்போ, 1946க்கும் 1969க்கும் நடுவுல 126 பிள்ளைங்களை தத்துன்னே எழுதாம, வளத்தவங்களுக்கே பிறந்த மாதிரி பதிவு பண்ணியிருக்காங்க. 2018லதான் வெளிய வந்துது. அதுல கடைக்குட்டிக்கே அப்ப 50 நெருங்கியிருக்கும். அவங்க கையில இருக்கறது சீல் வெச்ச ஒரிஜினல் சர்ட்டிபிகேட்தான், பெத்தவ பேரு மட்டும் அதுல இல்ல.